ஊருக்குப் போகுமுன் ஒரு வேலை: மோட்டார் சைக்கிள் பாட்டரியும் சார்ஜரும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் 60 நாட்களுக்கு முன்பே இடம் பிடித்துவைத்த நாகபுரித் தமிழ்க் குடும்பங்கள் இப்போது மூட்டை கட்டத் தொடங்கியிருக்கும். பால்காரருக்குச் சொல்லியாயிற்று, துளசிக்குத் தண்ணீர் ஊற்ற அண்டை வீட்டம்மாளிடம் ஒப்படைத்தாயிற்று, எரிவாயு அடுப்பின் குழாயைத் திருகி மூடியாயிற்று. ஆனால் மாடிப்படியின் கீழே நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை. பழைய போர்வை ஒன்றை அதன்மேல் போர்த்திவிட்டு வண்டியேறுகிறோம். நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்து, பிள்ளைகளின் பள்ளி திறக்கும் நாளன்று ஸெல்ப் பொத்தானை அழுத்தினால், "டிக், டிக்" என்று பல்லி சொல்வதுபோல் ஓர் ஓசை மட்டும் கேட்கிறது. வண்டி அசைவதில்லை.

தெருமுனை மெக்கானிக்கை அழைத்து வந்தால் அவர் ஒரு நொடியில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்: "பாட்டரி கதம்!" இந்தியில் நாம் முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களில் இதுவும் ஒன்று. ஊர்ப் பயணத்தில் கை வறண்டிருக்கும் அந்த வேளையில் புதுப் பாட்டரிக்குப் பணம் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அவ்வாறு தள்ளப்பட்ட பாட்டரிகளுள் சில மெய்யாகவே இறந்தவைதாம். ஆனால் வேறு சில, பசியால் மயங்கிக் கிடந்தவையே. இறந்ததையும் மயங்கியதையும் பிரித்தறிவதற்கும், மயங்கியதை எழுப்புவதற்கும் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. ஒரு சிறிய சார்ஜரும், ஒரு மல்டிமீட்டரும், சற்றே பொறுமையும் போதும்.

நாம் மின்சாரத் தொழில் கற்றவர் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளும் குமாஸ்தா. ஆயினும் நம் குடியிருப்பில் பலர், "சார்ஜர் கெட்டுவிட்டது, சற்றுப் பாருங்கள்" என்று சொல்லிக் கொண்டுவந்தவற்றைத் திறந்தும் அளந்தும் பார்த்த பழக்கம் உண்டு. அவற்றுள் சார்ஜரில் பழுது இருந்தது குறைவு. பாட்டரியிலோ, கவ்வியிலோ, வண்டியிலோ பழுது இருக்க, பழி சார்ஜர்மேல் விழுந்ததே மிகுதி. ஆதலின் இக்கட்டுரையில் சார்ஜரைப் பயன்படுத்தும் முறையோடு, அது ஒத்துழையாதபோது எங்கே தேடுவது என்பதையும் விரிவாகச் சொல்ல எண்ணுகிறோம்.

முன்னாளில் பாட்டரி படுத்துவிட்டாலும் கிக்கரை நான்கு முறை உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். இன்று அந்தச் சலுகை குறைந்துவிட்டது. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு தானே எரிய வேண்டும் என்ற விதி வந்தது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்னும் புகைவிதி நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், கணினி கொண்டு பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு வந்து சேர்ந்தது. அந்தக் கணினிக்கும் பெட்ரோல் பம்புக்கும் பாட்டரியின் தயவு வேண்டும். பல வண்டிகளில் கிக்கரே இல்லை. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல ஒரே வாகனமாக மோட்டார் சைக்கிளை நம்பியிருக்கும் வீட்டில், இது அலட்சியம் செய்யத்தக்க செய்தியன்று.

பாட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி போன்றது என்று பலர் எண்ணியிருக்கின்றனர். காலியானால் நிரப்பிக்கொள்ளலாம், எப்போது நிரப்பினால் என்ன என்பது அவர்கள் கருத்து. அது தவறு. பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே 1859-ல் கண்டுபிடித்த ஈய-அமிலப் பாட்டரியே இன்றும் நம் வண்டிகளில் மிகுதியாக இருப்பது. ஈயத் தகடுகளும், ஈய டையாக்ஸைடு பூசிய தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரத்தை நாம் செலவழிக்கும்போது இரு வகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் என்னும் உப்பு படிகிறது. சார்ஜ் செய்தால் அவ்வுப்பு கரைந்து பழைய நிலை மீள்கிறது. அந்த உப்பு புதிதாய் இருக்கும்வரை எளிதில் கரையும். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் கெட்டியான படிகங்களாக இறுகிவிடும். பின்னர் எந்தச் சார்ஜராலும் அதை முழுவதும் கரைக்க இயலாது. ரவைக் கஞ்சி ஆறிய பாத்திரத்தை உடனே கழுவுவதற்கும் மறுநாள் கழுவுவதற்கும் உள்ள வேற்றுமையை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிவர். காலியான பாட்டரியைக் காலியாகவே கிடக்க விடுவதுதான் அதைக் கொல்லும் முதற்காரணம்.

(இத்தகைய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே நம் காரைக்குடியில் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கிவருவதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் அளித்ததனால் அது செட்டிநாட்டுக்கு வந்தது.)

நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பாட்டரி எவ்வாறு காலியாகிறது என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாவியை எடுத்த பின்னும் கடிகாரமும் கணினியும் சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது வெறும் 2 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 48 மில்லி ஆம்பியர்-மணி. 40 நாளுக்கு ஏறத்தாழ 1.9 ஆம்பியர்-மணி. 5 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பாட்டரி தன்னுள்ளேயே இழப்பது இதற்கு வேறு. நாகபுரியின் மே மாத வெப்பம் 45 டிகிரியைத் தொடும்போது அந்த இழப்பும் விரைகிறது. திருட்டைத் தடுக்கும் அலாரமோ, வண்டி இருக்குமிடம் காட்டும் கருவியோ பொருத்தியிருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். முன்பே அரை வயிறாக இருந்த பாட்டரி இந்த விரதத்தைத் தாங்குமா?

இனி, சார்ஜர் வாங்குவதைப் பற்றி. பாட்டரியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் படிக்க வேண்டும். 12 வோல்ட் என்றும், 3, 4, 5, 9 என்பன போன்ற ஆம்பியர்-மணி எண்ணும் அதில் காணப்படும். மிகப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் 6 வோல்ட் பாட்டரியா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரே பாட்டரிக்கு உகந்த வேகம். அதாவது 5 ஆம்பியர்-மணிக்கு அரை ஆம்பியர். 9 ஆம்பியர்-மணிக்கு 0.9 ஆம்பியர். பல பாட்டரிகளின் சீட்டிலேயே எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதுவே நமக்கு வேதவாக்கு. கார் பாட்டரிக்கென்று விற்கும் 5 அல்லது 10 ஆம்பியர் சார்ஜரை இரவல் வாங்கி மோட்டார் சைக்கிள் பாட்டரியில் மாட்டுவது, பச்சைக் குழந்தைக்குப் படியரிசிச் சோறு ஊட்டுவதற்கு ஒப்பாகும். பாட்டரி கொதிக்கும், தகடுகள் வளையும். கடையில் சார்ஜுக்கு விட்டால் சில இடங்களில் லாரிப் பாட்டரிகளோடு வரிசையில் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். அதையும் கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

சார்ஜர்களில் இருவகை உண்டு. ஒன்று பழைய வகை: உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மரும் டையோடுகளும் மட்டும். முட்டாள்தனமாக உழைக்கும், பாட்டரி நிறைந்ததா என்று அதற்குத் தெரியாது, நாம்தான் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். மற்றொன்று தானியங்கி வகை. பாட்டரியின் வோல்ட்டேஜ் 14.4 அளவுக்கு உயரும்வரை ஏற்றி, பின்னர் மின்னோட்டத்தைக் குறைத்து, நிறைந்ததும் 13.5 அளவில் தாங்கி நிற்கும். விலை சற்றுக் கூடுதலாயினும் குடும்பஸ்தர்களுக்கு இரண்டாவதே ஏற்றது என்பது நம் கருத்து. லிதியம் வகைப் பாட்டரி பொருத்திய வண்டியானால் அதற்கென்று குறித்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். ஈயப் பாட்டரிச் சார்ஜர், அதிலும் இறுகிய சல்பேட்டை உடைக்கும் முறை உடையது, லிதியத்துக்குப் பகை.

சார்ஜரை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சிறு கருவி, பாட்டரியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வைத்தியர். வண்டி ஓடி நின்று சில மணி நேரம் ஆன பின், நேர்முனையிலும் எதிர்முனையிலும் அதன் இரு ஊசிகளையும் வைத்துப் பார்க்க வேண்டும். 12.7 அல்லது அதற்குமேல் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் வயிறு. அதற்கும் கீழே என்றால் அன்றைக்கே சார்ஜ் செய்ய வேண்டும். 12-க்கும் 12.7-க்கும் இடையில் இருப்பது முக்கால் வோல்ட்டுக்கும் குறைவு. அதற்குள்தான் பாட்டரியின் வாழ்வும் தாழ்வும் அடங்கியிருக்கின்றன. "12 வோல்ட் பாட்டரி 12 காட்டுகிறதே, சரிதானே?" என்று நம்மைக் கேட்டவர் பலர். சரியன்று என்பதே விடை.

மேலே மூடிகள் உள்ள வகையாயின் அமிலத்தின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். வெளிப்புறத்தில் மேல்கோடு, கீழ்கோடு என இரண்டு வரைந்திருக்கும். கீழ்கோட்டுக்கும் கீழே இறங்கித் தகடு வெளியே தெரிந்தால், தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் பாட்டரித் தண்ணீர் ஊற்றிச் சார்ஜ் செய்துவிட்டு, முடிந்தபின் மேல்கோடு வரை நிரப்ப வேண்டும். முன்பே மேல்கோடு வரை ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழியும். பாட்டரித் தண்ணீர் என்றால் கடையில் விற்கும் வாலைவடி நீர்தான். குழாய்த் தண்ணீரும் ஆகாது. வடிகட்டிய குடிநீரும் ஆகாது. அமிலத்தை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. மூடியே இல்லாத, அடைத்து முத்திரையிட்ட வகையில் இந்த வேலையே இல்லை. அதன் மேற்பட்டையைக் கத்தியால் நெம்பித் திறந்து தண்ணீர் ஊற்றும் 'சாமர்த்தியசாலிகள்' சிலர் உளர். அவர்களிடம் உங்கள் பாட்டரியைக் கொடுக்காதீர்கள்.

சார்ஜ் செய்யும் இடத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே நம்மவர் பலர் வசிப்பது ஓரறை, ஈரறை வீடுகளில். பாட்டரியைக் கழற்றி வந்து, சமையலறை மேடையில் பிளக் இருக்கிறதே என்று அங்கேயே வைத்துவிடுகிறார்கள். சார்ஜ் முடியும் தறுவாயில் பாட்டரியினுள் இருக்கும் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் 100-க்கு 4 பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி பட்டால் வெடிக்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு இருப்பது நமக்குத் தெரியாது. அடுப்பு, விளக்கேற்றும் பூஜை மாடம், பீடி சிகரெட் ஆகியவற்றின் அருகில் சார்ஜ் செய்வது பேராபத்து. கதவடைத்த படுக்கையறையும் ஆகாது. காற்றோட்டமுள்ள பால்கனியோ வராந்தாவோ ஏற்றது. ஆனால் வெயில் அடிக்கும் தகரக் கூரையின் கீழ் வேண்டாம். குழந்தைகளின் கை எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும். தப்பித்தவறிக் கண்ணில் அமிலம் தெறித்தால் குழாயைத் திறந்துவிட்டு, குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும். தாய்ப்பால், வெண்ணெய் என்று பாட்டி வைத்தியம் செய்து நேரத்தை வீணாக்கலாகாது.

பாட்டரியை வண்டியிலிருந்து கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது நேர்முனையை முதலில் மாட்ட வேண்டும். இது மெக்கானிக்குகளின் சம்பிரதாயம் அன்று; காரணம் உண்டு. வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. எதிர்முனை மாட்டியிருக்கும்போது நேர்முனையைத் திருகும் ஸ்பானர் சட்டத்தில் பட்டால் பெரும் பொறி பறக்கும். சார்ஜரின் சிவப்புக் கவ்வியை நேர்முனையிலும் கருப்புக் கவ்வியை எதிர்முனையிலும் மாட்டிய பிறகே சுவர் ஸ்விட்சைப் போட வேண்டும். முடிந்ததும் ஸ்விட்சை அணைத்த பின்புதான் கவ்விகளைத் தொட வேண்டும். வண்டியின் வயர் நிறத்தை நம்பி மாட்டாதீர்கள்; முன்பு வேலை செய்தவர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருக்கக்கூடும். பாட்டரியின் மேலேயே பொறித்திருக்கும் கூட்டல், கழித்தல் குறிகளைப் பாருங்கள்.

எத்தனை நேரம்? பாதி காலியான 5 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 2.5 ஆம்பியர்-மணி தேவை. அரை ஆம்பியர் வேகத்தில் 5 மணி நேரம். வழியில் வீணாவதையும் சேர்த்து 6 அல்லது 7 மணி நேரம் எனக் கொள்ளலாம். தானியங்கிச் சார்ஜரில் விளக்குப் பச்சையாகும்வரை காத்திருந்தால் போதும். பழைய வகையில், கணக்கிட்ட நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். இரவு மாட்டிவிட்டு உறங்கிப் போவது பாட்டரியைக் கொதிக்க வைப்பதாகும். கையால் தொட்டால் சுடும் அளவுக்குப் பாட்டரி காய்ந்தாலும், பக்கங்கள் உப்பினாலும், அழுகிய முட்டை போன்ற நாற்றம் எழுந்தாலும் அக்கணமே சுவர் ஸ்விட்சை அணைக்க வேண்டும். நாகபுரிக் கோடையில் பகலில் சார்ஜ் செய்யாமல் பின்னிரவிலோ விடியற்காலையிலோ விழித்திருந்து செய்வது நலம். வெப்பம் ஏற ஏறப் பாட்டரிக்கு வேண்டிய வோல்ட்டேஜ் குறையும், டிகிரிக்கு 0.02 வோல்ட் அளவு. 25 டிகிரிக்கென்று அமைத்த சார்ஜர், 40 டிகிரி வெயிலில் ஏறக்குறைய 0.3 வோல்ட் மிகையாகத் திணிக்கும்.

இப்போது பழுதுகளுக்கு வருவோம்.

விளக்கே எரியவில்லை என்றால் முதலில் சுவர்ப் பிளக்கில் வேறொரு சாதனத்தை மாட்டிப் பாருங்கள். சிரிக்கவேண்டாம், கெட்டுப்போனதாக நம்மிடம் வந்த சார்ஜர்கள் சிலவற்றுக்குப் பிளக்கே நோய். அடுத்தது சார்ஜரின் ப்யூஸ். அதே அளவுள்ள ப்யூஸைத்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பது வீட்டுக்கே கொள்ளி வைப்பது. கவ்விகளை மாற்றி மாட்டியதால் ப்யூஸ் போயிருக்கலாம். பழைய வகைச் சார்ஜர் உறுமுகிறது, ஆனால் ஆம்பியர் முள் அசையவில்லை என்றால் டையோடு போயிருக்கலாம். ரேடியோ பழுது பார்க்கும் கடையில் சிறு செலவில் மாற்றித் தருவார்கள்.

தானியங்கிச் சார்ஜரின் கவ்விகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, "பூஜ்யம் காட்டுகிறது, செத்துவிட்டது" என்று முடிவு கட்டுவோர் பலர். பாட்டரி மாட்டியிருப்பதை உணர்ந்தால் அன்றி மின்சாரத்தை வெளியே விடாதபடி பல சார்ஜர்கள் அமைந்துள்ளன. வெறும் கவ்வியில் பூஜ்யம் காட்டுவது அவற்றின் பாதுகாப்பு, பழுதன்று. நல்ல பாட்டரி ஒன்றில் மாட்டிப் பார்த்தே சார்ஜரை மதிப்பிட வேண்டும். மாட்டியபின் பாட்டரியின் முனைகளில் அளந்தால் வோல்ட்டேஜ் மெல்ல ஏறிக் கொண்டே 13-ஐத் தாண்ட வேண்டும். அவ்வாறு ஏறினால் சார்ஜர் குற்றமற்றது.

இதற்கு நெருங்கிய உறவுடைய மற்றொரு குழப்பம்: முழுவதும் காலியான பாட்டரியைத் தானியங்கிச் சார்ஜர் ஏற்க மறுப்பது. சில வோல்ட்டாவது இருந்தால்தான் அது பாட்டரி என்று சார்ஜருக்குத் தெரியும். எந்த அளவுக்குக் கீழே மறுக்கும் என்பது சார்ஜருக்குச் சார்ஜர் வேறுபடும். உடன் வந்த தாளில் குறித்திருப்பார்கள். அத்தகைய பாட்டரிகளை எழுப்ப மெதுவாக ஏற்றும் தனி முறை சில சார்ஜர்களில் உண்டு. இல்லையெனில் நல்ல கடையில் கொடுத்து மெதுவாக ஏற்றச் சொல்லலாம். வேறொரு பாட்டரியை இணைத்து ஏமாற்றும் தந்திரத்தை வீட்டில் செய்ய வேண்டாம் என்போம். பொறி பறக்கும் வேலை அது.

மாட்டிய பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு வந்துவிட்டது. மகிழ்ந்து போய் வண்டியில் பொருத்தினால் ஸெல்ப் இழுக்கவில்லை. இது சல்பேட் இறுகிய பாட்டரியின் குணம். உண்ண முடியாதவன் இரண்டு கவளத்தில் இலையை மூடுவதுபோல், உட்கொள்ள இடமில்லாததால் வோல்ட்டேஜ் உடனே உயர்ந்துவிடுகிறது. சார்ஜர் அதை நிறைவு என்று நம்பிவிடுகிறது. இரண்டொரு முறை முயன்றும் இதே கதையானால் பாட்டரியின் ஆயுள் முடிந்தது.

நேர்மாறாக, ஒருநாள் முழுதும் கழிந்தும் சிவப்பு மாறவில்லையானால், பாட்டரியினுள் ஓர் அறை குறுக்கிணைந்து போயிருக்கலாம். வண்டியில் இருந்தபடியே சார்ஜ் செய்திருந்தால் அலாரம் போன்ற ஏதேனும் ஒன்று ஒருபுறம் குடித்துக்கொண்டிருக்கலாம்; கழற்றி வைத்துச் செய்து பார்த்தால் அது தெளிவாகும். 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு, ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் அளவு. முழுதும் சார்ஜ் செய்து, கழற்றி, ஓர் இரவு ஓய்வாக வைத்துக் காலையில் அளக்கும்போது 10.6 போன்ற எண் வந்தால், ஆறில் ஓர் அறை இறந்துவிட்டது என்று குமாஸ்தாவின் கழித்தல் கணக்கே சொல்லிவிடும். அதற்கு மருந்தில்லை. மூடியுள்ள வகையில் ஹைட்ராமீட்டர் கொண்டு ஒவ்வோர் அறையையும் அளந்தால், ஐந்து அறைகள் 1.250-க்கு அருகிலும் ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்தும் காணப்படும்.

முனைகளில் வெண்மையாகவோ பசுமையாகவோ மாவு படிந்திருந்தால் அதுவே மின்சாரத்தைத் தடுக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்துத் துடைத்துவிட்டு, வாஸ்லைன் சிறிது பூசலாம். அந்தச் சோடா நீர் மூடியின் துளை வழியாக உள்ளே இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் அமிலத்தையே அது முறித்துவிடும்.

நன்றாகச் சார்ஜ் ஏறி, ஓர் இரவு கழித்தும் 12.7 நிற்கிறது, ஆனால் வண்டியில் பொருத்தி இரண்டு நாள் ஓட்டியபின் மறுபடி படுத்துவிடுகிறது. இவ்விடத்தில்தான் நல்ல பாட்டரி வீணாகத் தூக்கி எறியப்படுகிறது. எஞ்சினை ஓடவிட்டு நடுத்தர வேகத்தில் பாட்டரியின் முனைகளில் அளந்து பாருங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் இடையே காட்ட வேண்டும். 13-க்கும் கீழே நின்றால் வண்டி தன் பாட்டரிக்குச் சோறு போடவில்லை. 15-ஐத் தாண்டினால் மிகையாகத் திணிக்கிறது. வண்டியிலுள்ள ரெகுலேட்டரையும் காயிலையும் பார்க்க வேண்டிய வேலை அது. புதுப் பாட்டரி போட்டாலும் அதே கதிதான். நம் குடியிருப்பில் ஓர் அன்பருக்கு ஓராண்டில் இரண்டு புதுப் பாட்டரிகள் விற்கப்பட்டன. மூன்றாவது வாங்குமுன் எஞ்சினை ஓடவிட்டு அளந்ததில் 12.3 காட்டியது; ரெகுலேட்டரை மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. நாள்தோறும் வீட்டிலிருந்து அஜ்னி ஸ்டேஷன்வரை மட்டும் வண்டி ஓட்டுவோருக்கு வேறொரு காரணமும் உண்டு. ஸெல்ப் எடுத்துக்கொண்டதை மீண்டும் நிரப்ப அச்சிறு ஓட்டம் போதாது. அவர்கள் மாதம் ஒருமுறை சார்ஜரில் மாட்டுவது பாட்டரியின் ஆயுளை நீட்டிக்கும்.

கடைக்குச் சென்றால் "லோடு டெஸ்ட் கரோ" என்று கேளுங்கள். வோல்ட்டேஜ் மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு பாதித் தீர்ப்பு. வீட்டிலேயும் செய்யலாம்: ஒருவர் ஸெல்ப் பொத்தானை அழுத்த, மற்றவர் முனைகளில் அளக்க வேண்டும். நிறைந்த பாட்டரி அந்த நொடியில் 10 வோல்ட் அளவுக்குக் கீழே சரியாமல் தாங்க வேண்டும். 7, 8 என்று சரிந்தால், மெக்கானிக் "கதம்" என்று சொல்வது இம்முறை மெய்.

ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பாட்டரியை முழுதும் சார்ஜ் செய்து, புறப்படும் நாளில் எதிர்முனை வயரைக் கழற்றி, முனையில் படாதபடி துணி சுற்றி ஒதுக்கிவிடுங்கள். இதனால் கடிகாரத்தின் நேரம் அழியலாம், வேறு நஷ்டமில்லை. முடிந்தால் பாட்டரியையே கழற்றி வீட்டின் குளிர்ந்த மூலையில், எரிவாயு அடுப்புக்கு அப்பால் வைக்கலாம். தானியங்கிச் சார்ஜரை நாற்பது நாளும் மாட்டிவைத்துப் போகலாமே என்று சிலர் கேட்கின்றனர். சார்ஜர் அதைச் செய்யவல்லதே. ஆனால் பூட்டிய வீட்டில், மின்சாரம் ஏறி இறங்கும் கோடையில், காவலின்றி ஒரு சாதனத்தை ஓடவிடுவதற்கு நாம் உடன்படோம். திரும்பி வந்ததும் முதலில் அளந்து, 12.4-க்குக் குறைந்திருந்தால் ஓர் இரவு சார்ஜ் செய்த பிறகே ஸெல்பை அழுத்துங்கள்.

மெய்யாகவே இறந்த பாட்டரியைப் பழைய காகிதத்தோடு கபாடிவாலாவிடம் போட்டுவிட வேண்டாம். உள்ளே இருக்கும் ஈயத்தைக் குடிசைகளின் நடுவே திறந்தவெளியில் உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூசியும் அங்குள்ள குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமையை உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் சிறிது கழிப்பார்கள். பில்லையும் உத்தரவாத அட்டையையும் தேதியிட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.